ஆமைப்பூட்டர் பேசிய கலியாணம்

கொழும்பிலே கலியாணத் தரகராக இருந்துகொண்டு இரகசியம் காத்த ஒரே மனிதர் ஆமைப்பூட்டர்தான். அரச சேவையில் உதவி ஆணையாளராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு எதையும் மிகைப்படுத்திக் கூறும் பழக்கம் கிடையாது. வெள்ளவத்தையில் வேறெந்தத் தரகரிடமாவது காலையில் ஒரு சாதகத்தைக் கொடுத்துப் பாருங்கள். மத்தியானத்துக்குள் அது இருநூறு பேர் அடங்கிய வட்ஸ்அப் குழுவொன்றில் ஏறிவிடும். பின்னேரம் நீங்கள் மீன் வாங்கப் போனால், "உங்கடை பிள்ளைக்குச் செவ்வாய் எட்டிலையாமே!" என்று மீன்காரர் அனுதாபத்தோடு ஒரு துண்டு அறக்குளா கூட்டிப் போடுவார்.

ஆமைப்பூட்டரின் சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பெயராவது போகட்டும், அவருடைய ஊரும் தெரியாது. யாழ்ப்பாணத்தார் இருவர் சந்தித்தால் மூன்றாவது வசனத்துக்குள் "ஊரிலை எவடம்?" என்ற கேள்வி பிறந்தே தீரும். அதற்கு விடை சொல்லாதவனை எங்கள் ஆட்கள் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆமைப்பூட்டரோ அந்தக் கேள்விக்கு, "எல்லா இடமும் மழை பெய்யிற இடந்தான்" என்று பதில் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார். அப்போது வெயில் எறித்துக்கொண்டிருக்கும்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் பின்புறத்து அனெக்ஸில் அவர் குடியிருந்தார். கொட்டாஞ்சேனையிலும் அவருக்கு வாடிக்கையாளர்கள் இருப்பதாகப் பேச்சு. பேச்சுத்தான், ஒருவரையாவது கண்டவர் கிடையாது. தம்முடைய கைத்தொலைபேசியைப் பொலித்தீன் உறையிலிட்டு, சட்டைப் பைக்குள் வைத்து, பையின் வாயை ஊசியால் குத்தியிருப்பார். அழைப்பு வந்தால் ஊசியைக் கழற்றி எடுப்பதற்குள் அது நின்றுவிடும். "நல்லது. அவசரமெண்டால் எழுதுவினம்" என்பார்.

எழுதுவதென்றால் சாதாரணமாக எழுதுவதல்ல. அவருக்கு வரும் மின்னஞ்சலும் அவரிடமிருந்து போகும் மின்னஞ்சலும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இடையில் எவன் எடுத்துப் பார்த்தாலும் தலையும் வாலும் இல்லாத எழுத்துக் குவியலே தெரிய வேண்டும். ஒரு கலியாணத் தரகருக்கு இராணுவத் தலைமையகத்தின் ஏற்பாடு எதற்கு என்று நான் பல காலம் வியந்ததுண்டு. ஆனால் கேட்டதில்லை. எனக்கும் தரகருக்கும் ஒரு வேலையுமில்லை என்றே அப்போது நான் நினைத்திருந்தேன்.

வேலை வந்தது. எங்கள் ஒரே மகள் தர்ஷினிக்கு லண்டனில் விமரிசையாக ஒரு கலியாணம் செய்துவைத்தோம். எட்டு மாதத்தில் அது முறிந்தது. எவர் பிழை என்பதை இங்கே ஆராயப் போவதில்லை. பிள்ளை திரும்பி வந்து, கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குப் போகத் தொடங்கினாள். விடுமுறைக்கு வந்தவள்போல, "மகள் வந்து நிற்கிறா" என்று அயலாருக்குச் சொன்னேன். அடுத்த மாதமும் சொன்னேன். இரண்டு வருடமாகப் பிள்ளை "வந்து நின்றாள்". மருமகன் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு, "லீவு கிடைக்கேல்லை" என்றேன். பிரித்தானியா முழுவதிலும் அவ்வளவு காலம் லீவு கிடைக்காத ஒரே மனிதன் என் முன்னாள் மருமகனாகத்தான் இருப்பான்.

மறுமணம் செய்துவைக்க வேண்டும் என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் பேச்சு நடக்கும்போதே கதை வெளியில் கசிந்து, இதுவும் கைகூடாமற் போனால்? கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளைக்கு நான் செயலாளர். எந்த முகத்தோடு மண்டபத்துக்குள் நுழைவேன்?

"இஞ்சாருங்கோ, மற்றத் தரகர்மாரிட்டைக் குடுத்தா, பொழுதுபடமுன்னம் ரொறொன்ரோவிலை இருக்கிற என்ரை தங்கச்சி போன் எடுத்து எனக்கே சொல்லுவாள்" என்றாள் மனைவி. "அந்த ஆமைப்பூட்டரிட்டைப் போங்கோ. ஆருக்கும் தெரியாமல் போங்கோ."

போனேன். குடை பிடித்துக்கொண்டு போனேன். வெயில் எறித்துக்கொண்டிருந்தது.

விடயத்தை நான் சொல்ல வாயெடுத்ததும் அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இஞ்சை சொல்லாதேங்கோ சேர். சுவருக்கும் காதிருக்கு. எழுதுங்கோ."

"எழுதினால் மட்டும் ஆரும் பாக்கமாட்டினமோ?"

"பாக்கட்டும். விளங்காது." அவர் மேசை இலாச்சியைத் திறந்து, அலுமாரிக் கொண்டியில் கொழுவுகிற ஆமைப்பூட்டு ஒன்றை எடுத்து, திறந்தபடியே என் உள்ளங்கையில் வைத்தார். "நான் இப்பிடித் திறந்த பூட்டை ஊருக்கெல்லாம் குடுத்திருக்கிறன். ஆரும் தங்கடை கடிதத்தைப் பெட்டியிலை வைச்சு, இதைக் கொழுவி, 'டக்'கெண்டு அமத்தி அனுப்பலாம். அமத்தினவரும் திருப்பித் திறக்கேலாது. சாவி என்னட்டை மட்டும். அதுமாதிரி நீங்களும் ஒரு பூட்டுச் செய்து எனக்குத் தாங்கோ. சாவியை நீங்கள் வைச்சிருங்கோ."

இவ்வளவு தெளிவான விளக்கத்தை என் சேவைக்காலத்தில் எந்தச் சுற்றுநிருபத்திலும் நான் வாசித்ததில்லை. மனிதரின் பட்டப்பெயருக்குக் காரணமும் அன்றே விளங்கியது.

வீட்டுக்கு வந்து என் மேசைக் கணினியில் இருவருமாகப் பூட்டும் சாவியும் உண்டாக்கினோம். சாவியைக் காக்க ஓர் இரகசிய வாக்கியம் வேண்டும், அது ஏழு சொற்களுக்குக் குறையக்கூடாது என்றார். நான் தட்டச்சிட்டபோது அவர் எழுந்து போய் முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். தேநீர் கொண்டுவந்த என் மனைவி, தண்டனை பெற்ற மாணவனைப்போல நின்ற அறுபது வயது மனிதரைக் கண்டு, தட்டத்தோடு திரும்பிப் போய்விட்டாள். அந்த வாக்கியத்தை இன்றுவரை நான் எவருக்கும் வெளியிட்டதில்லை, இங்கும் வெளியிடுவதாயில்லை.

அடுத்தது, பூட்டு உண்மையில் அவருடையதுதானா என்று சரிபார்ப்பது. ஒவ்வொரு பூட்டுக்கும் நாற்பது எழுத்தும் இலக்கமும் கொண்ட ஓர் அடையாளம் உண்டாம். அதை நேருக்கு நேர் வாசித்து ஒப்பிட வேண்டுமாம். அதற்கு அவர் தெரிந்தெடுத்த இடம், காலி வீதியில் மத்தியானச் சனம் நெரிபடும் சைவக் கடை. "இரைச்சலிலை ஒருத்தருக்கும் கேளாது சேர்" என்றார். கேளாமலிருக்க, அவர் உரத்துக் கத்த வேண்டியிருந்தது.

"ஒம்பது! பீ! ரெண்டு! எஃப்!"

"ஓம்!" என்றேன் நான்.

"ஏழு! ஏழு! சீ! மூண்டு!"

"ஓம்! சரி!"

நாற்பதும் முடிந்ததும் பக்கத்து மேசையிலிருந்த ஒருவர், பில் துண்டின் பின்புறத்தில் எதையோ குறித்துக்கொண்டு, மரியாதையோடு குனிந்து, "ஐயா, சீட்டிழுப்பு எண்டைக்கு?" என்று கேட்டார். நல்லவேளை, அங்கே என்னை அறிந்தவர் எவருமில்லை.

இப்படியாகக் கணினியில் எல்லாம் ஒழுங்காயிற்று. ஆமைப்பூட்டரின் கடிதம் வந்தால் வாக்கியத்தை அடித்துத் திறந்து வாசித்தேன். ரொறொன்ரோவில் ஒரு பொறியியலாளர், அவருக்கும் முதற் கலியாணம் நிலைக்கவில்லை, நல்ல மனிதர். விபரங்கள் ஒன்றொன்றாக வந்தன. ஆனால் நான் வெளியே இருக்கும்போது கைத்தொலைபேசியில் அதே கடிதம் பூச்சி ஊர்ந்தாற்போலக் கிடந்தது. சாவி வீட்டுக் கணினியில் இருக்கிறது, தொலைபேசியில் இல்லை. அந்தச் சாவியை எனக்கே நான் மின்னஞ்சலில் அனுப்பினால் என்ன என்று கேட்டேன். ஆமைப்பூட்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுச் சாவியைப் போஸ்ட்காட்டிலை ஒட்டி அனுப்புவியளோ சேர்? வயராலைதான் மாத்தோணும்."

வயர் கொழுவினோம். தொலைபேசி மின்னேற்றம் ஏறியது; சாவி ஏறவில்லை. அரை நாள் மல்லுக்கட்டிய பின் வயரைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் பக்கத்திலுள்ள தொலைபேசிக் கடைக்குப் போனோம். கடைக்கார இளைஞன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "மேக்கென் டேட்டா யன்னே நே அங்கிள், சார்ஜ் விதராய்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். மின்சாரம் மட்டும் போகுமாம், தகவல் போகாதாம். ஆமைப்பூட்டர் அந்த வயரை மிகுந்த மரியாதையோடு திருப்பி வாங்கி, "இது நல்ல வயர் சேர். ஒண்டும் வெளியிலை சொல்லாது" என்று தம்முடைய பைக்குள் வைத்துக்கொண்டார்.

புதிய வயரில் சாவி ஏறியது. வாக்கியத்தை அடித்தேன். பிழை என்றது. மறுபடி அடித்தேன். பிழை. மூன்று நாளாக, ஏழு சொற்களையும் ஓர் ஒற்றெழுத்துக்கூடத் தவறாமல் அடித்தேன். கணினி திறந்தது, தொலைபேசி மறுத்தது. கல்லூரியில் தமிழுக்குப் பரிசு பெற்றவன் நான். என் எழுத்துக்கூட்டலை ஒரு தொலைபேசி சந்தேகிப்பதா?

ஆமைப்பூட்டர் வந்தார். சுவரைப் பார்த்தபடியே நோய் அறிந்தார். "சேர், கொம்பியூட்டரிலை 'அம்மா' எண்டு அடியுங்கோ. எழுத்துருவை எடுத்துவிட்டுப் பாருங்கோ. என்ன தெரியுது?"

பார்த்தேன். எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச்.

கதை இதுதான். அலுவலகக் காலத்துப் பழைய எழுத்துருவில் பழகியவன் நான். அதில் நாங்கள் அடிப்பது ஆங்கில எழுத்துக்களையே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டும். இரகசிய வாக்கியம் அடிக்கும் கட்டத்திலோ வெறும் புள்ளிகளே தெரியும் என்பதால் வேடம் கலைந்ததை நான் அறியவில்லை. தொலைபேசி உண்மையான தமிழ் எழுத்தைக் கொடுக்க, சாவி "நீ யார்?" என்று கேட்டிருக்கிறது. அன்றுமுதல் தொலைபேசியில் என் தமிழ் வாக்கியத்தை நான் எம், கே, அரைப்புள்ளி என்றே அடிக்கலானேன். ஒரு கடிதத்தைத் திறக்க ஆறு நிமிடம் சென்றது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆறு நிமிடமும் நான் சிறுவனைப்போல ஆவலாயிருந்தேன். பூட்டு எங்கே இருக்கிறது, சாவி எப்படிப் பொருந்துகிறது என்று ஓய்வுபெற்ற பின் முதன்முறையாக எனக்கு ஏதோவொன்றை அறிய வேண்டும்போல இருந்தது.

பொறியியலாளர் வீட்டாரின் முடிவு வரத் தாமதமாயிற்று. எங்கள் பிள்ளையின் கதை முழுவதும் அவர்களிடம் சொல்லப்பட்டுவிட்டது. ஆம், இல்லை என்பதுதான் மீதி. நான் ஒரு கடிதம் எழுதினேன். ஒரு வாரம் கழித்து இன்னொன்று. பின்னர் மூன்றாவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் சங்கச் செயற்குழுக் கூட்டம். வருடாந்த இராப்போசனத்தில் புட்டு வைப்பதா, இடியப்பம் வைப்பதா என்பது நிகழ்ச்சிநிரலில் நான்காவது. எனக்குப் பக்கத்தில் பொருளாளர். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். எழுத்துப் பிழையையும் கடன்காரனையும் தூரத்திலிருந்தே இனங்காணும் கண். என் தொலைபேசி மேசையில் மல்லாந்து கிடந்தது. கண் பார்வை காரணமாக அதில் எழுத்தின் அளவை ஆகப் பெரிதாக்கி வைத்திருந்தேன். இடியப்பத்துக்கு ஆதரவாக நான் பேசிக்கொண்டிருந்தபோது அது அதிர்ந்து ஒளிர்ந்தது.

"செயலாளர், உங்கடை போன்" என்று பொருளாளர் அதை என் பக்கம் தள்ளினார். தள்ளும்போது வாசித்தார். வாசிக்காமலிருக்க எவராலும் முடியாது, வாசலிலிருந்தே வாசிக்கலாம்.

"பதில்: எனது மகளின் விவாகரத்தும் மறுமணமும் தொடர்பாக – மூன்றாவது நினைவூட்டல்."

அதன் கீழே, கடிதத்தின் உள்ளடக்கம் ஓர் எழுத்தும் விளங்காதபடி மிகப் பத்திரமாகப் பூட்டப்பட்டிருந்தது.

பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின், "இடியப்பமே வைப்பம்" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டறிக்கையில் கையெழுத்திடாமலே எழுந்தேன்.

நேரே அனெக்ஸுக்குப் போனேன். குடை பிடிக்கவில்லை.

"ஐசே, நீர் என்னை நடுச்சபையிலை நிர்வாணமாக்கிப் போட்டீர்!"

"என்ன சேர் நடந்தது? இருங்கோ, தண்ணி குடியுங்கோ."

"தண்ணி வேண்டாம்! பாரும் இதை!"

தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். முகம் வெளிறிற்று. "உள்ளுக்கை ஒரு எழுத்தும் போகேல்லை சேர். பூட்டு அப்பிடியே கிடக்குது" என்றார் மெதுவாக.

"உள்ளுக்கை ஆர் பாத்தது? வெளியிலை சபையே வாசிச்சுது!"

"கடிதத்தைப் பூட்டலாம் சேர், உறைக்கு மேலை எழுதினதைப் பூட்டேலாது. விடயம் எண்டு நாங்கள் எழுதுறது வெளியிலைதான் நிக்கும். அதுதான் நான் 'வணக்கம்' எண்டு மட்டும் போடுறனான். உங்களுக்கும் சொன்னனானெல்லே?"

சொல்லியிருந்தார். மறுக்க இயலாது. அதற்கு நான், விடயத் தலைப்பில்லாத கடிதங்களை என் சேவைக்காலம் முழுவதும் திருப்பி அனுப்பியவன் என்றும், தலைப்பைக் கண்டதும் கடிதத்தின் சாரம் விளங்க வேண்டும் என்றும் பதிலளித்திருந்தேன். சாரம் விளங்கிவிட்டது.

"நீங்கள் பெரிய உத்தியோகம் பாத்தனீங்கள். ரெண்டாந்தரம் சொல்ல எனக்குக் கூச்சமாப் போச்சுது" என்றார் ஆமைப்பூட்டர். "எண்டாலும் பதில் எழுதேக்கை நானாவது அதை அழிச்சிருக்கோணும். என்ரை பிழைதான். சந்தோசத்திலை மறந்துபோனன்."

"என்ன சந்தோசம் உமக்கு?"

"சேர்... நீங்கள் இன்னும் திறந்து பாக்கேல்லையோ?"

பார்க்கவில்லை. அவர் உடனே எழுந்து சுவரைப் பார்த்து நின்றார். எம், கே என்று அடித்தேன். இரண்டு தரம் பிழைத்தது. மூன்றாந்தரம் திறந்தது. உள்ளே இரண்டே வரி. மாப்பிள்ளை வீட்டார் முழு விபரமும் அறிந்து சம்மதம் தெரிவித்துள்ளனர். மாப்பிள்ளை பிள்ளையோடு தாமே பேச விரும்புகிறார்.

"வாசிச்சீங்களோ சேர்? திரும்பலாமோ?"

அந்த இரண்டு வரியையும் மறுபடி வாசித்தேன். அவர் திரும்பாமலே நின்றார். "என்ரை கையாலை வெளியிலை போன முதல் இரகசியம் இது. இந்தக் கலியாணத்தோடை நான் தொழிலை விடுறன்" என்று சுவருக்குச் சொன்னார்.

விட வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கோபம் இன்னும் மிச்சமிருந்தது, சொல்லாமல் வந்துவிட்டேன்.

வீட்டில் மகளைக் கூப்பிட்டு இருத்தி, நல்ல செய்தியையும் நடந்த அவமானத்தையும் ஒழுங்குமுறைப்படி எடுத்துரைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்; கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"மூண்டாவது நினைவூட்டலோ அப்பா? ஐயோ! அப்ப இனி நான் 'வந்து நிக்க'த் தேவையில்லையெல்லே? இருக்கலாமெல்லே?"

இரண்டு வருடமாகப் பிள்ளையை நிற்கவே வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கதை பரவுமென்று காத்திருந்தேன். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. மீன்காரர்கூட ஒன்றும் சொல்லவில்லை. வங்கி முகாமையாளர் ஏன் வாய் திறக்கவில்லை? ஆவல் தாங்காமல் ஆமைப்பூட்டரிடமே போய், தொழிலை விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதைச் சொல்லி முடித்ததும், மெல்ல, "எங்கடை பொருளாளரும் உம்மட்டை வாறவரோ?" என்றேன்.

"எந்தப் பொருளாளர் சேர்?" என்றார் அவர். கண் ஒரு துளியும் அசையவில்லை.

கலியாணம் வெள்ளவத்தையிலேயே நடந்தது. ஆமைப்பூட்டர் வரவில்லை. தாம் பேசிய எந்தக் கலியாணத்துக்கும் அவர் போவதில்லையாம். "நான் வந்து பந்தியிலை இருந்தா, தரகர் பேசின கலியாணம் எண்டு சனம் கதைக்கும் சேர். பிள்ளையள் தாங்களாச் சந்திச்சதெண்டு இருக்கட்டும்." அதற்கு முன்னரே மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு பூட்டும் சாவியும் உண்டாக்கிக் கொடுத்திருந்தார். இருவரும் மாதக்கணக்காக எழுதிக்கொண்டார்கள். என்ன எழுதினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சென்ற வருடம், சொற்ப நாள் சுகயீனத்தின் பின் ஆமைப்பூட்டர் காலமானார். உடலை அஞ்சலிக்கு வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனேன். வெறுமையாய் இருக்குமென்று எண்ணினேன். உள்ளே நிற்க இடமில்லை. அத்தனை பேரும் ஒருவரையொருவர் கண்டு திடுக்கிட்டு நின்றார்கள்.

"நீங்கள் எங்கை இந்தப் பக்கம்?"

"சும்மா, காரை விட இடம் தேடி வந்தனான். நீங்கள்?"

"பக்கத்திலை பார்மசிக்கு."

மூன்றாவது வரிசையில் எங்கள் பொருளாளர் இருந்தார். என்னைக் கண்டதும், "மழைக்கு ஒதுங்கினனான்" என்றார். வெளியே வெயில் எறித்துக்கொண்டிருந்தது.

திருகோணமலையிலிருந்து வந்திருந்த தங்கை ஒருத்திதான் அவருக்கு உறவு. உறவினருக்கென்று விட்டிருந்த முன்வரிசையில் அந்த அம்மா தனியே இருந்தார். வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் என்னிடம் கேட்டார்.

"அண்ணா ஒருத்தரைப் பற்றியும் வாய் திறந்து சொன்னதில்லை. இவ்வளவு சனமும் ஆர் ஐயா? நீங்கள் அண்ணாவுக்கு என்ன வேணும்?"

செயற்குழுவினர் ஐந்து பேராவது என் குரல் கேட்கும் தூரத்தில் நின்றார்கள்.

"அம்மா, என்ரை மகளின்ரை முதல் கலியாணம் முறிஞ்சுபோச்சுது" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "ரெண்டாவது கலியாணத்தை உங்கடை அண்ணாதான் பேசித் தந்தவர். பிள்ளை நல்லா இருக்கிறாள்."

அந்த அம்மா தமக்குப் பக்கத்திலிருந்த கதிரையைத் தட்டிக் காட்டினார். "அப்ப நீங்கள் ஏன் நிக்கிறீங்கள்? இதிலை இருங்கோ."

இருந்தேன். சிறிது நேரத்தில் பின்னால் கதிரையொன்று நிலத்தில் உரசும் சத்தம் கேட்டது. பொருளாளர் எழுந்து, மெதுவாக நடந்து வந்து, முன்வரிசையில் எனக்கு மறுபக்கத்தில் அமர்ந்தார்.